முக்கோணம் பன்னிரண்டில் நிற்க மாட்டேன் என்கிறது!

கேள்வி: என் டைவர் வாட்ச்சின் (நீரில் மூழ்குவோருக்கான வாட்ச்) பெசல் இன்செர்ட், அதாவது கண்ணாடியைச் சுற்றித் திரும்பும் வளையமான பெசலின் மேல் ஒட்டியிருக்கும் நிமிடக் குறிப் பட்டை, கீறல் விழுந்துவிட்டதால், ஆற்காட்டில் ஒரு கடையில் கொடுத்துப் புதிது ஒட்டினேன். அதிலுள்ள முக்கோணக் குறி 12க்கு நேராக இல்லாமல் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, ஒரு கிளிக் திருப்பினால் இடப்பக்கம் போகிறது. நானே சரிசெய்யலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாக. வாட்ச் மேல் தப்பில்லை, ஒட்டியவரின் அவசரம்தான். ஒரு சுற்றுக்கு 120 கிளிக் உள்ள பெசலில் ஒரு கிளிக்குக்கு அரை நிமிடம், அதாவது 3 டிகிரி நகரும். இன்செர்ட்டை இரண்டு கிளிக்குக்கு நடுவில் ஒட்டிவிட்டால் எத்தனை சுற்று சுற்றினாலும் நேராகாது, கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும் (நம்மூர் மே மாத வெயில் போதுமே என்று பைக் டாங்க் மேல் வைத்துவிடாதீர்கள்!). அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விட்டு, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச்சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். அலுமினியம் வளையும், செராமிக் படக்கென்று உடையும். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

இனிதான் முக்கிய வேலை. பெசலைக் கிளிக்கில் நன்றாக உட்காரவிட்டு, டேப் ஒட்டாமல் இன்செர்ட்டைச் சும்மா வைத்து, கண்ணாடி மேல் 12லிருந்து 6க்கு ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நேர்மேலே இருந்து பாருங்கள். சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும். நேரானதும் விளிம்பில் பென்சிலால் குறி வைத்துக்கொண்டு, டபுள் சைடு டேப்பில் ஒட்டிவிடலாம். சூப்பர் குளூ மட்டும் வேண்டாம், கண்ணாடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும்.