20-ஆம் தேதி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு நேரத் திட்டம்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சீனியர் அக்கவுண்டன்ட்டாக இருக்கிறேன். எனக்குக் கீழே மூன்று பேர். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய பார்ட்டிகள் (வாடிக்கையாளர்கள்) 60 பேர். மாத முதல் வாரம் சும்மா போகிறது. 18, 19, 20 மூன்று நாளும் இரவு பத்து மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போக முடிவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று கெடு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் சார். பையன்களுக்கு அதில் எரிச்சல். நேரக் கெடு உண்மையில் உதவுமா? எப்படி வைப்பது?

பதில்: உதவும். ஆனால் உங்கள் சார் அதை வைக்கப் பார்க்கும் இடம் தவறு. உங்கள் ஆபீஸில் யாரும் மெதுவாக வேலை செய்வதாகத் தெரியவில்லை. அங்கே இருக்கும் ஒரே தேதி அரசாங்கம் வைத்த தேதி, அதுதான் பிரச்சினை. கடைசித் தேதி 20 என்றால் எல்லா வேலையும் 20-ஐ நோக்கியே நகரும். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-இல் ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழில் இதைத்தான் கிண்டலாக எழுதினார்: கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி வேலை பெருகிக்கொண்டே போகும். அவர் கேலி செய்தது அரசு அலுவலகங்களை. பின்னால் வந்த நிர்வாகப் பயிற்சியாளர்கள் அதை ‘நேரத்தைக் குறைத்தால் வேலை வேகமாக முடியும்’ என்று திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பாதிதான் சரி. பில்லே வராத பார்ட்டிக்கு நாற்பது நிமிடக் கெடு வைத்து என்ன பயன்?

அதனால் முதலில் ஒரு மாதம் அளந்து பாருங்கள். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு வரி போதும்: பில் வந்த தேதி, என்ட்ரி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ரிட்டர்னை உறுதிசெய்யப் பார்ட்டியிடம் ஓடிபி கேட்ட நேரம், வந்த நேரம். வேலை செய்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் பல மடங்கு இருப்பது உங்களுக்கே தெரியவரும். பையன்கள் தலைமேல் கடிகாரம் வைப்பதற்கு முன் சாரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

இப்போது மாதத்தை விரித்துப் பார்ப்போம். 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும். 11 ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன். 14-ஆம் தேதி 2பி வருகிறது, அதாவது நம் பார்ட்டிக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல். 15 பிஎஃப், இஎஸ்ஐ. 20-இல் 3பி, அதாவது வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன். 2பி வந்த பிறகுதான் 3பி வேலை என்ற எண்ணம் எல்லா ஆபீஸிலும் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் 14-க்காகக் காத்திருக்க வேண்டியது ஒரே ஒரு வேலை, அதாவது நம் பர்ச்சேஸ் கணக்கை 2பி-யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பர்ச்சேஸ் பில்லை டேலி மென்பொருளில் ஏற்றுவது, பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்ப்பது, செலவு பில்களைப் பிரிப்பது எல்லாவற்றையும் 1-ஆம் தேதியிலிருந்தே செய்யலாம். நீங்கள் ‘சும்மா போகிறது’ என்று சொன்ன முதல் வாரம் இதற்கானதுதான்.

எனவே கெடுவை முன்பக்கம் கொண்டு வாருங்கள். சேல்ஸ் பில் 5-ஆம் தேதிக்குள், பர்ச்சேஸ் பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் 8-ஆம் தேதிக்குள் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். 13 மாலைக்குள் எல்லா என்ட்ரியும் முடிய வேண்டும். பிறகு 60 பேரையும் இருபது இருபதாகப் பிரித்து 16, 17, 18 என்று மூன்று நாளில் 3பி போடுங்கள். நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு நாள் முன்னே தள்ளுங்கள், பின்னே வேண்டாம். 19, 20 இரண்டும் காலியாக இருக்கட்டும். அவை தவறு திருத்தவும், தாமதமாக வந்தவர்களுக்கும். இதை எங்கே சொன்னாலும் ‘ரெண்டு நாளைச் சும்மா விடுவதா?’ என்ற கேள்வி வரும். 20-ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி போர்ட்டல் எப்படி ஓடும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

ஒரு பார்ட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனக்கணக்கில் போடாதீர்கள். நம் வேலைக்கு நாமே நேரம் சொல்லும்போது குறைத்தே சொல்வோம் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதினார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். ஆக, அந்தப் பார்ட்டிக்குப் போன மூன்று மாதம் உண்மையில் எவ்வளவு ஆனதோ, அதுதான் இந்த மாதக் கணக்கு. 40 பில் உள்ள மளிகைக் கடையையும் 600 பில் உள்ள ஜவுளி மொத்த வியாபாரியையும் ஒரே கெடுவில் அடைத்தால் பையன்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

இனி நிமிடக் கெடு. சில வேலைகளுக்கு அதைக் கண்டிப்பாகவே வைக்கலாம். என்ட்ரி போடுவதை ஐம்பது நிமிடத் துண்டுகளாக்குங்கள். அந்த நேரத்தில் போன் மேசை டிராயரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த பில்களை இறக்குவதற்கு காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மிக முக்கியமாக, சின்ன வித்தியாசங்களைத் தேடுவதற்குக் கெடு வேண்டும். பேங்க் கணக்கில் 118 ரூபாய் இடிக்கிறது என்று அரை நாள் உட்காருகிற ஆள் எல்லா ஆபீஸிலும் ஒருவர் உண்டு (பெரும்பாலும் அவர்தான் நல்ல அக்கவுண்டன்ட்டும்). பதினைந்து நிமிடம், கிடைக்கவில்லையென்றால் சந்தேகத் தாளில் எழுதிவிட்டு அடுத்த வேலை. அந்தத் தாளை மாலையில் நீங்கள் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து நாளில் அது குப்பைத் தாளாகிவிடும்.

2பி ஒப்பீட்டுக்கு மட்டும் கடிகாரம் வேண்டாம். ஒரு முறை போட்ட 3பி-யைத் திருத்த முடியாது. தவறு இருந்தால் அடுத்து வரும் ரிட்டர்னில்தான் சரிசெய்ய வேண்டும். தவறாக எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) பயன்படுத்தியும் விட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே நடக்காத மாதத்து நில் ரிட்டர்னுக்கு 20. இரண்டையும் வைத்துப் பார்த்தால், அவசரத்தில் பல லட்ச ரூபாய் கிரெடிட்டைத் தப்பாக எடுப்பதைவிட ஒரு நாள் தாமதம் மலிவு என்று ஆகும் பார்ட்டிகளும் உண்டு. சார் ஸ்டாப்வாட்சை எடுக்கும்போது இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வேலைக்கு நடுவே சார் கூப்பிடுவதைத் தடுக்க முடியாது. எழுந்து போகும் முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள். முடிக்காத வேலையிலேயே மனது பாதி தங்கிவிடுகிறது என்று சோஃபி லிராய் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 2009-இல் ஆய்ந்து எழுதினார். இப்படி ஒரு வரி எழுதுவது அதைக் குறைக்கிறது என்பதும் அவரது பிற்கால ஆய்வில் வந்தது.

அப்புறம் ஓடிபி. தனிநபர் நிறுவனங்களுக்கு ரிட்டர்ன் தயாராக இருந்தும் முதலாளி போனை எடுக்காமல் நிற்பதுதான் வழக்கம். முந்தின நாளே செய்தி போடுங்கள்: ‘நாளைக் காலை 11 முதல் 12-க்குள் ஓடிபி வரும், போன் கையில் இருக்கட்டும்.’ இருபது பேருக்கும் வேறு வேறு நேரம். கம்பெனிகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆபீஸில் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று 10-ஆம் தேதியே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வேலையையே குறைக்கும் வழி. முந்தைய நிதியாண்டில் 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுத் திட்டத்துக்கு மாறலாம். 60 பேரில் எத்தனை பேர் அப்படி என்று எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் 25-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டினால் போதும். காலாண்டு 3பி-க்குத் தமிழ்நாட்டில் அடுத்த மாதம் 22 வரை நேரம் உண்டு. ஆனால் வாங்குபவர்கள் பதிவு பெற்ற வியாபாரிகளாக இருந்தால் கிரெடிட்டுக்காக மாதாமாதம் பில் ஏறியதா என்று கேட்பார்கள். அவர்களுக்காக 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற விற்பனை பில் பதிவு வசதியில் ஏற்ற வேண்டியிருக்கும், அப்போது மிச்சமாகும் நேரம் அதிகமில்லை. சில்லறைக் கடைக்காரர்களை மட்டும் மாற்றுவதே நல்லது. ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு மாற வேண்டுமென்றால் மே 1 முதல் ஜூலை 31-க்குள் போர்ட்டலில் தேர்வு செய்ய வேண்டும்.

8-ஆம் தேதிக்குப் பிறகு பில் கொடுப்பவர்களை என்ன செய்வது? அவர்கள் 19, 20-க்குப் போவார்கள், சண்டை எதுவும் வேண்டாம். ஆனால் இதை பார்ட்டிகளுக்குச் சொல்ல வேண்டியது சார், நீங்கள் அல்ல. ஸ்டாஃப் சொன்னால் ‘நான் சார்கிட்ட பேசிக்கிறேன்’ என்பார்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். தொடர்ந்து தாமதம் செய்பவர்களுக்கு ஃபீஸைக் கூட்டுவதா என்பதும் அவர் முடிவு.

60 பேரையும் ஒரே மாதத்தில் மாற்ற வேண்டாம். அடுத்த மாதம் 16-ஆம் தேதிக்கு ஓர் இருபது பேரை மட்டும் எடுங்கள். யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. போன மாதம் 8-ஆம் தேதிக்கு முன்பே பில் அனுப்பியவர்கள் யார் யார் என்பது உங்கள் வாட்ஸ்அப்பிலேயே தேதியோடு இருக்கும்.