ஊரிலிருந்து ரகசியமாக வேலை: பெட்டி வேண்டாம், மெயில் போதும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நான்கு வருடமாக வேலை. முழுக்க வீட்டிலிருந்துதான். சென்னை வாடகை வீட்டு முகவரிதான் பதிவில் இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு வந்தேன். அப்புறம் குற்றால சீசனும் சேர்ந்துகொண்டதில், மூன்று வாரமாக ஆபீஸுக்குச் சொல்லாமல் இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். டீம் லீடுக்கு மட்டும் தெரியும். சென்னையில் இருப்பது போலக் காட்டும் பெட்டி ஒன்றை 15,000 ரூபாய்க்கு ஜங்ஷனில் ஒருவர் தருகிறார். வாங்கலாமா? தெரிந்துவிட்டால் வேலை போகுமா? அடுத்த மாதம் ஷார்ஜாவில் அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் போகிறேன். அங்கிருந்தும் இப்படியே பார்க்கலாமா?

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன் நான். ஊரில் இருந்து வேலை பார்த்ததற்காக மட்டும் வேலை இழந்தவர் என்னிடம் அநேகமாக வந்ததில்லை. அதை மறைக்கப் போய் இழந்தவர்கள்தான் வருகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி ஒருவர் மெமோவோடு வந்தார். அதில் இரண்டே வரி. காலை 11.02, சென்னை. காலை 11.06, திருநெல்வேலி மாவட்டம். நான்கு நிமிடத்தில் 600 கிலோமீட்டருக்கு மேல் எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நடந்தது இதுதான்: கரண்ட் போய் வந்தது. தீப்பெட்டி அளவுப் பெட்டி மறுபடி உயிர் பெறுவதற்குள் லேப்டாப் அவருடைய மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டது. விசாரணையில் முதலில் "சென்னையில்தான் இருந்தேன்" என்றார். பெட்டி விஷயம் பிறகு வெளியே வந்தது. அந்தப் பொய்க்குத்தான் வேலை போனது. விற்றவர் ஃபோனையே எடுக்கவில்லை.

பெட்டி விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. அது இணையம் போகும் வழியைத்தான் மாற்றும். உங்கள் லேப்டாப் சுற்றியிருக்கும் வைஃபைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எதிர் வீட்டு வைஃபை, மாடி வீட்டு வைஃபை, இவற்றின் அடையாள எண்களை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிட முடியும். லேப்டாப் கம்பெனியுடையது. அதில் என்ன ஓடுகிறது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மௌஸைத் தானாக ஆட்டுகிற கருவி, சாஃப்ட்வேர் எதையாவது போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கீபோர்டு தட்டுவதுபோல் போலியாகக் காட்டியதற்காக அமெரிக்க வங்கி ஒன்று 2024-ல் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது.

சரி, என்ன செய்வது? இன்று மாலைக்குள் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் ஒரு மெயில் போடுங்கள். சொந்த ஊரில் இருக்கிறேன், முகவரி இது, இன்ன தேதியிலிருந்து, இன்ன தேதி வரை, அதற்கு அனுமதி வேண்டும். அவ்வளவுதான். "நாளையிலிருந்து" என்று எழுதி மூன்று வாரத்தை விழுங்கிவிடாதீர்கள், தேதியை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். டீம் லீடுக்குத் தெரியும் என்கிறீர்கள். அவர் ஃபோனில் சொன்ன "பரவாயில்லப்பா" விசாரணையில் காலணாவுக்குப் பெறாது. எனக்குத் தெரியவே தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டீம் லீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் வாங்குங்கள்.

வேலை போகுமா என்றால், நினைத்த மாத்திரத்தில் தூக்கிவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 சொல்வது இது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால், விசாரணை வைத்து ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கம்பெனிகள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. அதனால் நீக்குவதில்லை, ராஜினாமா வாங்குகின்றன. வீடியோ காலில் எச்.ஆர். மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, "அரை மணி நேரத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் உண்டு" என்பார்கள். வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று கொடுக்கிற கடிதம் அது. எழுதிக் கொடுத்துவிட்டால் பிரிவு 41 உங்களுக்கு அநேகமாக உதவாது. "குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அழைப்பை விட்டு வெளியே வாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. ஒரு காகிதத்தைப் பணயமாக வைத்துப் பிள்ளைகளை மிரட்டுவதைத் தடுக்க வேகமான வழி ஏதும் இந்த அமைப்பில் இல்லை என்பதில் எனக்குத் தீராத கோபம்.

ரிலீவிங் லெட்டர் வராவிட்டால் "அனுபவச் சான்றிதழ் போட்டுத் தருகிறேன்" என்று கன்சல்டன்சிக்காரர் ஒருவர் வருவார். பக்கத்தில் சேர்க்காதீர்கள். எந்தக் கம்பெனியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பது உங்கள் பி.எஃப். யூ.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்) கணக்கிலேயே இருக்கிறது. புதிய கம்பெனி அதைத்தான் முதலில் பார்க்கும். போலிச் சான்றிதழ் வேலைப் பிரச்சினையைக் கிரிமினல் வழக்காக மாற்றிவிடும்.

இப்போது ஷார்ஜா. இங்கே நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, அதனால் நிறுத்திப் படியுங்கள். கல்லிடைக்குறிச்சியில் இருந்தால் அது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள விஷயம். கடல் தாண்டிவிட்டால் இன்னொரு நாட்டின் சட்டம் உள்ளே வருகிறது. நம் பக்கத்து டிராவல் ஏஜெண்டுகள், "விசிட் விசாவில் போங்க, ரூமுக்குள்ள லேப்டாப் திறந்தா யார் பார்க்கப் போறா" என்கிறார்கள். டிக்கெட் விற்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்தபடி வேலை பார்க்கிறவர்களுக்கென்றே ஓராண்டு விசா ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மாதம் 3,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். கம்பெனியின் வேலைச் சான்றும் வேண்டும், அதாவது கம்பெனிக்குத் தெரியாமல் அதை வாங்க முடியாது. இதன் மேல் அந்தப் பெட்டியையும் கொண்டுபோனால்? இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியை மறைத்துக் குற்றம் செய்வதற்கு அங்கே 2021-ஆம் ஆண்டு சைபர் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை. உங்கள் வேலை அதில் அடங்குமா அடங்காதா என்று அங்கே போய் வாதாடும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். கம்பெனி பக்கமும் விஷயம் கனமானது. வாடிக்கையாளர் தகவல் எந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அவர்கள் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். ஊரிலிருந்து பார்த்ததை மன்னிக்கிற மேனேஜர் இதை மன்னிக்கமாட்டார்.

அக்கா வீட்டுக்குப் போங்கள், லீவில் போங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு அதே 1947 சட்டம் சம்பளத்தோடு ஆண்டுக்கு 12 நாள் விடுமுறை தருகிறது, 24 நாள் வரை சேர்த்தும் வைக்கலாம். தற்செயல் விடுப்பு 12, நோய்க்கு 12, இரண்டும் தனி. இவ்வளவு இருந்தும் தேர் பார்க்க மூன்று நாள் கேட்கவே பயந்து, நெல்லையப்பர் ரத வீதியில் தோளில் லேப்டாப் பையோடு நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுளிக்கிறார், லீவு எடுக்காமல் விட்டால் காலாவதி ஆகிறது. இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன் நான். நான்கு வருடத்தில் உங்கள் கணக்கில் எத்தனை நாள் நிற்கிறது என்று அந்த மெயிலிலேயே கேட்டு வாங்குங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள், லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.