இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானைப் பக்கம் தண்டவாளத்தோரம் நரி, சிறுத்தை வந்தால் சுடலாமா?

பட்டிக்கன்றை நரியோ சிறுத்தையோ கொண்டுபோன கோபம் விளங்குகிறது, ஆனாலும் சுட வேண்டாம். 1924இல் புணானையில் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டார்களே என்று சிலர் சொல்வார்கள். அது பலரைக் கொன்ற மிருகம், காலமும் வேறு. இன்று சிறுத்தை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, கொன்றால் வழக்குத்தான்.

தண்டவாளத்தடி இன்னும் மோசம். சல்லிக்கல்லிலோ இரும்பிலோ பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவனுக்கே தெரியாது, இரவில் ரயில் வந்தால் அதற்குள் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ரயில் பாதையில் அனுமதியில்லாமல் நடப்பதே குற்றம். கட்டுத்துவக்கு (கட்டிய கம்பியில் கால் தட்டினால் தானாக வெடிக்கும் துப்பாக்கி) வைக்கிற யோசனையை அடியோடு விடுங்கள், அது நரியென்றும் விறகுக்குப் போகிற மனிசரென்றும் பார்க்காது.

சரி, அவை ஏன் அங்கேயே சுற்றுகின்றன? ரயிலில் அடிபட்ட மாடு கிடந்து நாறும், அந்த வாடைக்கு முதலில் நாய் வரும், பிறகு நரி வரும், அப்புறம் பக்கத்திலுள்ள பட்டிக்கன்றும் கண்ணில் படும். ஸ்டேஷனுக்கு அறிவித்து, அவர்கள் சம்மதத்தோடு செத்த மாட்டைப் பாதையை விட்டுத் தூக்கி ஆழமாகப் புதையுங்கள். கன்றுகளை இரவில் வீட்டோடு நெருக்கமாக அடையுங்கள், அடைப்பில் கீழ்க்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் நரி நுழைகிற சந்து இருக்கக் கூடாது. சிறுத்தையின் காலடித் தடம் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.