பழைய ஃபிளாட்ஹெட் இஞ்சின்: முதலில் விரிசலைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறோம். வாங்கிய வீட்டின் கராஜில் முன்பு இருந்த பெரியவர் சேர்த்து வைத்த ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) சாமான்கள் அப்படியே கிடக்கின்றன: சுற்ற மறுக்கும் ஒரு ஃபோர்டு வி8 இஞ்சின், அதில் 'ஆஃபன்ஹவுசர்' என்ற எழுத்துள்ள இரண்டு அலுமினிய ஹெட், தனியாக மூன்று கார்புரேட்டர், ஒரு பழைய சேஸிஸ். எல்லாவற்றையும் ஒரே விலைக்கு ஒருவர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? இஞ்சினை ஓட வைக்க முடியுமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம். இஞ்சின் சுற்றவில்லை என்பது பெரிய குறையே இல்லை. பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அது தெரியும்வரை பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் என்று எதையும் வாங்காதீர்கள்.

1932 முதல் 1953 வரை அமெரிக்க ஃபோர்டு கார்களில் வந்த இந்த ஃபிளாட்ஹெட் இஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) இல்லை, பிளாக்கிலேயே இருக்கின்றன. அதனால்தான் ஹெட் தட்டையாக இருக்கிறது. எரிந்த புகையும் பிளாக்குக்குள் தண்ணீர்ப் பாதையை ஒட்டி வளைந்துதான் வெளியே போகிறது. அந்தச் சூட்டில் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டரை நோக்கி விரிசல் ஓடும். உங்கள் ஊர்க் குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்திருந்தால், ஆயில் பேன் பொருந்தும் விளிம்புக்கு மேலேயும் பிளந்திருக்கும்.

இறுகிப் பிடித்துக்கொண்ட இஞ்சினை விடுவிக்கப் பொறுமை வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ATF) பாதிக்குப் பாதி கலந்து, எட்டு சிலிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டும் பிரிந்து நிற்கும். ஊற்றும்போதெல்லாம் பாட்டிலைக் குலுக்க வேண்டும். சட்டென்று தீப்பிடிக்கும், கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு வாரம் தினமும் இப்படி. கிராங்க் முனையில் நீளக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். இந்த இஞ்சினில் பல நேரம் பிடித்திருப்பது பிஸ்டன் அல்ல, வால்வு. எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ அதன் வழியாக ஈரக்காற்று புகுந்து துருவேற்றியிருக்கும். மற்ற சிலிண்டர்கள் பளபளவென்று இருக்கும்.

அடுத்தது ஹெட். அலுமினியமும், ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் இரும்பு ஸ்டட்டும் (திருகுக் கம்பி) பல ஆண்டு தண்ணீரில் சேர்ந்திருந்து வெள்ளைப் பொடியாக அரித்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நட்டுகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஹெட்டை ஹீட் கன்னால் சூடாக்கி மெதுவாக அசைக்க வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் ஹெட் குழிந்துவிடும், பிறகு கேஸ்கெட் நிற்காது. வராத ஸ்டட்டை அறுத்து எடுங்கள். ஸ்டட் புதிதாகக் கிடைக்கும். அந்தக் காலத்து ஹெட் எளிதில் கிடைக்காது.

ஹெட் வந்ததும் பிஸ்டன் மேலிருந்து கீழே எவ்வளவு போகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஃபோர்டு என்றால் 3¾ அங்குலம். சரியாக 4 அங்குலம் போனால் உள்ளே 1949–53 மெர்குரி (ஃபோர்டின் இன்னொரு பிராண்ட்) காரின் கிராங்க் வகை இருக்கிறது. ஹாட் ராட் ஆட்கள் தேடி அலைவது அதைத்தான். மொத்தமாகக் கேட்பவர் இதைச் சொல்லமாட்டார்.

பிளாக்கை இஞ்சின் பட்டறைக்குக் கொண்டுபோய் மேக்னஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் பார்க்கும் சோதனை), அழுத்தச் சோதனை இரண்டையும் கேளுங்கள். முதலாவது மேற்பரப்பு விரிசலைக் காட்டும்; தண்ணீர்ப் பாதை கசிகிறதா என்பது இரண்டாவதில்தான் தெரியும். 'எல்லாம் பார்த்தாச்சு' என்ற வாய்ச்சொல் வேண்டாம், எழுதி வாங்குங்கள். ஸ்டட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் இடையே சின்ன விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள், உலோகப் பின் (pin) வைத்து அடைத்துச் சரிசெய்வார்கள். பிளாக்கின் மேல் மணல் அடிக்க விடாதீர்கள்; ஆயில் பாதையில் தங்கும் ஒரு சிட்டிகை மணல் புது பேரிங்கைத் தின்றுவிடும். பட்டறையில் அழுக்கு நீக்கும் காஸ்டிக் சோடா தொட்டி இரும்புக்கு மட்டும்தான். ஹெட்டையும் கார்புரேட்டரையும் அதில் போட்டால் கரைந்து பாழாகிவிடும்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் 97 என்று வார்த்திருக்கிறதா? ஸ்ட்ராம்பர்க் 97-இன் உள்கழுத்து 0.97 அங்குலம், எண் வந்ததே அதனால்தான். 81, 48 எண்கள் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். இவற்றைக் கலந்து 'மூன்று 97' என்று விற்பவர்கள் நிறைய. ஒரு 31/32 அங்குல டிரில் பிட்டின் தண்டை உள்ளே விட்டுப் பாருங்கள். 97 என்றால் இறுக்கமாக உட்காரும், 48-இல் ஆடும், 81-இல் நுழையாது. பிறகு பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2½ பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. மின்சாரப் பம்ப் வைத்தால் ரெகுலேட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் வழிந்து ஓடும்.

சேஸிஸ் விஷயம் வேறு. இஞ்சின், ஹெட் எல்லாம் வெறும் பாகங்கள். சேஸிஸ்தான் சட்டப்படி வண்டியே. 1932 முதல் 1948 வரை ஃபோர்டு வண்டியின் அடையாள எண் சேஸிஸின் இடதுபக்க ரெயிலில் (நீள இரும்புச் சட்டம்) குத்தப்பட்டிருக்கும். ஆரம்பகால வி8 என்றால் 18 என்று தொடங்கி, இரு பக்கமும் நட்சத்திரம் இருக்கும். பாடி மூடியிருந்த இடத்தில் இருப்பதால் துருவுக்கு அடியில் மறைந்திருக்கலாம். கிரைண்டர், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். எண்ணெய் தடவி, மெல்லிய நார்ப்பட்டையால் தேய்த்துப் போட்டோ எடுங்கள். தேய்ந்துபோன எண்ணை யாரோ திருத்திய எண் என்று சந்தேகித்தால் நிரூபிக்கும் பாடு உங்களுடையது. வாகனப் பதிவு அலுவலகக் கவுன்டரில் 17 எழுத்து எண் கேட்பார்கள். அந்த 17 எழுத்து முறை வந்ததே 1981-இல்தான் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும், ஒரு தடவையல்ல, ஒவ்வொரு ஜன்னலிலும். இதைத் தெரிந்துதான் இடைத்தரகர்கள் 'டைட்டில் (உரிமைப் பத்திரம்) இல்லாத இரும்பு' என்று சொல்லி எடைக்குக் கேட்கிறார்கள். டைட்டில் காகிதம் பெரியவரின் வாரிசுகளிடம் இருக்கலாம். சேஸிஸ் அவர்கள் உங்களுக்கு விட்டுச்சென்றதுதானா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை யார் என்ன விலை சொன்னாலும் சேஸிஸ் கராஜை விட்டு நகர வேண்டாம்.