வினிப்பெக் பூர்வகுடி ஹப்: டோட்டெம் போல் வேணாம், புகைக்கு வழி வைங்க

ப்ரோ, கனடாவோட வினிப்பெக்ல பூர்வகுடி மக்களுக்கு கடை, ஸ்டூடியோ, ஹால் எல்லாம் சேர்ந்த ஹப்தான் உங்க ஆர்க்கிடெக்சர் தீசிஸ், வாசல்ல டோட்டெம் போல் (உருவங்கள் செதுக்கின உயரமான மரத்தூண்) வைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம். அது பசிபிக் கரையோரத்துல இருக்கற ஹைடா மாதிரி மக்களோடது, உங்க சைட் 1871ல அரசு அனிஷினாபே, க்ரீங்கற பூர்வகுடி மக்களோட போட்ட ‘ட்ரீட்டி 1’ ஒப்பந்த நிலம், பூர்வகுடி-ஐரோப்பிய கலப்பு வம்சாவளியான மேட்டி மக்களோட சொந்த ஊரும் அதான், ஜூரி முதல் கேள்வியே அங்கதான் கேப்பாங்க.

அலங்காரத்த விட புகை முக்கியம், நிஜமாதான் சொல்றேன். சேஜ், ஸ்வீட்கிராஸ் மாதிரி மூலிகையெல்லாம் கொளுத்தி, அந்த புகையால சுத்தப்படுத்தற ஸ்மட்ஜிங் சடங்கு பண்ணுவாங்க, சாதாரண ஹால்ல செஞ்சா அலாரம் அடிச்சு ஃபயர் சர்வீஸ் வந்து நிக்கும், அதனால அந்த ரூமுக்கு தனி எக்ஸாஸ்ட் குடுங்க, அந்த காத்து திரும்ப ஏசி லைனுக்குள்ள வரக்கூடாது, டிடெக்டர் விஷயம் ஆரம்பத்துலயே ஃபயர் இன்ஜினியர்கிட்ட பேசிடுங்க. விருந்து வைக்கற அளவுக்கு பெரிய கிச்சனும் வேணும், பேன்ட்ரி பத்தாது.

கடைங்கள ரோட்டு பக்கம் வைங்க, உள்ள தள்ளினா வியாபாரம் படுத்துரும். பாசிமணி கோக்கற வேலை பண்றவங்களுக்கு வடக்கு வெளிச்சம் நல்லது, கண்ணு கூசாது. கல் சிற்பம் வைக்கறதா இருந்தா ஃப்ளோர் லோட் பாருங்க. 2021ல திறந்த கௌமாஜுக்ங்கற இனுயிட் கலை மையம் வினிப்பெக்லயே இருக்கு, இனுயிட்ங்கற ஆர்க்டிக் பூர்வகுடி மக்களோட சிற்பங்கள கண்ணாடி வால்ட்ல வெளிய இருந்தே தெரியற மாதிரி அடுக்கியிருப்பாங்க, ஒருதடவ போய் பாருங்க.

முக்கியமா, அந்த சமூகத்து பெரியவங்க, அதாவது எல்டர்ஸ்கிட்ட பேசினீங்களா? ப்ளான் முடிச்சுட்டு காட்டாதீங்க, பேப்பர் வெள்ளையா இருக்கும்போதே போங்க. செக்‌ஷன் டிராயிங் இருந்தா இங்க போடுங்க, புகை வெளிய போற டக்ட் எங்க போகுதுன்னு பாத்து சொல்றேன்.