வைத்தியர் பதில்: இரண்டு ஷாம்புகளும் மகளின் முகக் கிறீமும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சற்று உவர். முடி வரண்டு சிக்குப் பிடிக்கிறது. நான் வழமையாக வாங்கும் ஷாம்புவில் பராபென்னும் சல்பேட்டும் இருப்பதால் அவை இரண்டும் இல்லாத, கற்றாழை சேர்ந்த வேறொன்றுக்கு மாறினேன். விலை மூன்று மடங்கு. முடியில் மாற்றமில்லை, கழுத்தின் பின்புறம் அரிப்பு வந்ததுதான் மிச்சம். இரண்டு போத்தல்களின் பட்டியலையும் எழுதி இணைத்திருக்கிறேன். இவற்றை எப்படி ஒப்பிடுவது? இன்னொன்று: 17 வயதான என் மகள் முகம் வெளுக்கவென்று ஒரு கிறீமை மூன்று மாதமாக இரவில் பூசுகிறாள். முதலில் முகம் பளிச்சென்றிருந்தது. இப்போது இரண்டு நாள் பூசாவிட்டால் சிவந்து எரிகிறது. அந்த டப்பாவில் உள்ளடக்கம் எதுவும் அச்சிடப்படவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கறுப்பு மருதோன்றி போடப்போவதாகவும் சொல்கிறாள்.
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி ஷாம்புவைப் பற்றியது. மகளின் கிறீம் கடைசிச் சில வரிகளில்தான் வருகிறது. எனது பதில் அந்த வரிகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. மகள் இன்றிரவிலிருந்து அந்தக் கிறீமைப் பூச வேண்டாம்.

நிறுத்திய இரண்டு நாளில் முகம் சிவந்து எரிவது, ஸ்டெரொயிட் கலந்த கிறீமை நெடுநாள் முகத்தில் பூசியவர்களிடம் தோல் நோய் கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி காணும் அறிகுறியாகும். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டெரொயிட்டுகள் எக்சிமா முதலிய தோல் நோய்களுக்கு, குறித்த இடத்தில் குறித்த நாட்களுக்கு மட்டும் பூசும்படி நாங்கள் எழுதிக்கொடுக்கும் நல்ல மருந்துகள். குளோபெட்டசோல் மருந்துக் களிம்பில் இருக்கும் அளவு 0.05 வீதம் மட்டுமே. அவ்வளவு சிறிய அளவிலேயே அது வேலை செய்கிறது. அதை வெளுப்புக்காக மாதக்கணக்கில் முகத்தில் பூசும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளிறித் தெரியும். பின்னர் தோல் மெலிந்து, பருக்கள் கிளம்பி, சிவப்பு நரம்பிழைகள் வெளியே தெரியத் தொடங்கும். நிறுத்தினால் சுருங்கியிருந்த குழாய்கள் விரிந்து முகம் எரியும். அந்த எரிவுக்குப் பயந்து பிள்ளைகள் மறுபடியும் அதையே பூசுகிறார்கள்; அப்படித்தான் அந்த டப்பா மீண்டும் மீண்டும் விற்பனையாகிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகாமல் அது தடுக்கும் என்பதால் வெளுக்கும் கிறீம்களில் நெடுங்காலமாகக் கலக்கப்பட்டு வந்திருக்கிறது. தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரில் புரதம் கழிந்து, முகமும் காலும் வீங்கும் நிலைக்கு அது ஒருவரைக் கொண்டுபோகும். பூசியவரின் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்தும்படி கேட்டது. பின்னர் 2023 இல் நாடுகள் கூடி அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டன. ஆயினும் உள்ளடக்கம் அச்சிடாத டப்பாக்கள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிலவற்றில் ‘கலோமெல்’, ‘மெர்க்கியூரஸ் குளோரைட்’, ‘அம்மோனியேட்டட் மெர்க்குரி’ என்ற பெயர்களில் அது இருக்கும். எந்தப் பெயரும் இல்லாமல், தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் கிறீம் படக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தால், அதுவும் பாதரசத்தைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

மகளின் டப்பாவில் இவற்றில் எது இருக்கிறது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். இந்த வாரத்துக்குள் அவளைக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கிருந்து தேவையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். சிறுநீரில் புரதமும் பாதரசமும் பார்க்க வேண்டியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். கிறீமை நிறுத்தியபின் சில வாரங்களுக்கு எரிவு கூடலாம் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பொறுக்க மாட்டாள். அதுவரை முகத்துக்கு வாசனையில்லாத வெள்ளை வசிலீன் போதும். நம் ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையின் மாநிறத்துக்கு எந்த மருந்தும் தேவையில்லை என்பதை ஒரு வைத்தியர் வாயால் கேட்டால் அவள் நம்பக்கூடும். நீங்கள் போகும்போது அதையும் சொல்லச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஷாம்புகளுக்கு வருகிறேன். பட்டியலை ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு நன்றி, ஏனெனில் அந்த ஒழுங்கில்தான் விடயம் இருக்கிறது. அதிகமாக இருப்பது முதலிலும் குறைவாக இருப்பது பின்னரும் வரவேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சட்டம். நம் கடைகளில் கிடைக்கும் பெயர்பெற்ற பொருட்களும் அதையே பின்பற்றுகின்றன. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு: ஒரு வீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை, மற்றவற்றுக்குப் பிறகு, எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே பட்டியலில் பழுதடையாமல் காக்கும் பொருளையோ வேறு ஏதாவது சொற்ப அளவில் சேர்ப்பதையோ தேடிக் கண்டுபிடியுங்கள். உதாரணமாக பினொக்சிஎத்தனோல் ஐரோப்பாவில் ஒரு வீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை. அப்படியொரு பெயரைக் கண்டால், நிறமூட்டிகள் நீங்கலாக, அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் ஒரு வீதத்துக்கு உட்பட்டவை என்று கொள்ளலாம். உங்கள் விலை கூடிய போத்தலில் கற்றாழை, மிகச் சொற்பமாகச் சேர்க்கும் காக்கும் பொருளான மெத்தில்ஐசோதயசோலினோனுக்கும் பின்னால் நிற்கிறது. முன்பக்கத்தில் பெரிய இலையாக வரையப்பட்டுள்ள கற்றாழைக்கு உள்ளே கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இரண்டு போத்தலிலும் முதலில் இருப்பது தண்ணீர், அடுத்து அழுக்ககற்றும் பொருள். பழைய போத்தலில் அது சோடியம் லோரெத் சல்பேட். புதியதில் சோடியம் ஒலிபின் சல்போனேட். இரண்டாவது பெயரில் சல்பேட் என்ற சொல் இல்லை என்பது உண்மை, ஆனால் எண்ணெய்யை இழுத்துக் கழுவும் வலுவில் அது முதலாவதற்குக் குறைந்ததல்ல. இரண்டிலும் மூன்றாவதாக வரும் கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், தேங்காய் எண்ணெய்யிலிருந்து வருவது. அழுக்ககற்றும் பொருளின் கடுமையைத் தணிக்கிறது. எனவே முடிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே. ஒரு வித்தியாசம் மட்டும் உங்கள் கிணற்றுக்குப் பொருந்துகிறது: பழைய போத்தலில் டைசோடியம் ஈடிடீஏ இருக்கிறது, புதியதில் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் எழுவான்கரைக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பும் கடினத்தன்மையும் உண்டு. கடினத்தன்மைக்குக் காரணமான கல்சியத்தைப் பிடித்துவைப்பதே ஈடிடீஏயின் வேலை. முடி கரடாவதற்கு நீங்கள் குற்றஞ்சாட்ட வேண்டியது சல்பேட்டை அல்ல, தண்ணீரைத்தான் என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு வாளியை மழைநீரிலோ குழாய் நீரிலோ அலசிப் பாருங்கள். சவர்க்காரம் போட்டுத் தலை கழுவுவதானால் அதை விட்டுவிடுங்கள். கடின நீரில் அது முடியில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கத்தைத் தொடருங்கள். கனிய எண்ணெய்யும் சூரியகாந்தி எண்ணெய்யும் செய்யாத விதத்தில் தேங்காய் எண்ணெய் முடிக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கழுத்து அரிப்புக்கு வருவோம். பொருள் பழுதடையாமல் காக்கும் பராபென் மீதான அச்சம், 2004 இல் பிரித்தானியாவில் 20 மார்புக் கட்டிகளின் திசுவில் அது காணப்பட்டதாக ஓர் ஆய்வு வந்தபின் பரவியது. அந்த ஆய்வு புற்றில்லாத திசுவுடன் ஒப்பிடவில்லை. பராபென்தான் கட்டிக்குக் காரணம் என்று நிறுவவும் இல்லை. ஐரோப்பா சில வகைப் பராபென்களைத் தடைசெய்து, மெத்தில்பராபென் போன்றவற்றை 0.4 வீதத்துக்குள் அனுமதித்திருக்கிறது. நீர் சேர்ந்த எந்தப் பொருளும், அதுவும் மட்டக்களப்பின் வெப்பத்தில் குளியலறையில் திறந்து திறந்து மூடப்படும் பொருள், காக்கும் மருந்தில்லாமல் இருந்தால் கிருமி வளரும். ஆகவே பராபெனை எடுத்த உற்பத்தியாளர் வேறொன்றைப் போட்டாக வேண்டும். உங்கள் புதிய போத்தலில் போடப்பட்டது மெத்தில்ஐசோதயசோலினோன். அதனால் வந்த ஒவ்வாமை ஐரோப்பாவில் அவ்வளவு பெருகியதால், பூசிவிட்டுக் கழுவாத பொருட்களில் அது 2017 இல் தடைசெய்யப்பட்டது. கழுவும் பொருட்களில் 0.0015 வீதம் மட்டுமே அனுமதி. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமைச் சங்கம் 2013 இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2019 இல் அதே சங்கம் பராபென்களை ஒவ்வாமை தராதவை என்று எடுத்துக்காட்டியது. ஷாம்பு வழிந்து இறங்கும் இடத்தில் அரிப்பு வந்திருக்கிறது என்பதால் நான் முதலில் சந்தேகிப்பது மெத்தில்ஐசோதயசோலினோனைத்தான், அடுத்தது வாசனைப் பொருளை. பழைய ஷாம்புக்குத் திரும்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு அடங்காவிட்டால் மகளோடு நீங்களும் காட்டிக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும்போது 100 மில்லிலீற்றருக்கு என்ன விலை என்று கணக்கிட்டு, பட்டியலின் முதல் ஐந்து பெயர்களை ஒப்பிடுங்கள். அவை ஒன்றாயிருந்தால் மலிவானதை எடுங்கள். பூசிவிட்டுக் கழுவாத புதிய கிறீமானால், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இரு தடவை ஏழு நாள் பூசிப் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொண்டுபோங்கள். ‘இயற்கை’, ‘மூலிகை’, ‘வைத்தியர்களால் பரிசோதிக்கப்பட்டது’ என்ற சொற்களை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

மருதோன்றி இலை செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும்தான் பிடிக்கும், ஒருபோதும் கறுக்காது. சில மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கூம்பில் பெரும்பாலும் இருப்பது பராபினைலின்டையமின் என்ற முடிச்சாயம். அதைத் தோலில் நேரே பூசினால் கொப்புளித்துத் தழும்பாகலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பிற்காலத்தில் தலைக்குச் சாயமும் அடிக்க முடியாமல் போகும். கல்யாண வீட்டுக்கு இலையை அரைத்துப் போடட்டும், அழகாகவே பிடிக்கும்.

கிறீம் டப்பாவைக் குப்பையில் எறியாமல், இறுக மூடி, ஒரு பொலித்தீன் பையில் கட்டி, வைத்தியசாலைக்குப் போகும்போது கொண்டுபோங்கள். மகளின் தலையணை உறையையும் அவள் துவாயையும் தனியாகத் துவையுங்கள். வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்தி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். உள்ளடக்கம் அச்சிடப்படாத டப்பா என்பதை முதலில் சொல்லுங்கள்.