தாவீது கோபப்பட்டான், அப்புறம்?

கேள்வி: தினம் ஒரு வசனம் வாசிக்கிறேன். ஆறுதலாக இருக்கிறது. ஆனால் பைபிள் வாசித்தால் மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்கிறார்களே, அது எனக்குப் பிடிபடவில்லை. எப்படி வாசிப்பது?

பதில்: ஒற்றை வசனத்தில் அது பிடிபடாது. செயல் ஓர் அதிகாரத்தில் இருக்கும், விளைவு நான்கு அதிகாரம் தள்ளி வரும். 2 சாமுவேல் 11 முதல் 18 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு 13, 14 இரண்டையும் பென்சிலோடு மறுபடி வாசியுங்கள்.

தாவீது ராஜாவின் மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுக்கிறான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம், "அவன் உன் சகோதரன், மனதில் வைக்காதே" என்று அவளை அடக்கிவிடுகிறான். தந்தை தாவீதுக்குக் கடுங்கோபம் வருகிறது. அவ்வளவுதான், அடுத்து ஒன்றுமில்லை. மூத்தவன் என்ற பாசத்தால் அவனை நோகடிக்க மனம் வரவில்லை என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறது. தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதுக்கு (11-ஆம் அதிகாரம்) மகனைக் கேட்க வாய் எழுமா என்பதையும் யோசியுங்கள்.

இங்கே காலக்கணக்கைக் குறியுங்கள். 2 ஆண்டு கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான். 3 ஆண்டு தாய்வழித் தாத்தாவிடம் ஒளிந்திருக்கிறான். திரும்பி வந்தும் 2 ஆண்டு தந்தை முகம் காட்டவில்லை. கடைசியில் ஒரு முத்தம். பேசியதாக ஒரு வார்த்தைகூடப் பதிவில்லை. ஆக 7 ஆண்டு. அதில் தாவீது செய்யாமல் விட்டவற்றை ஓரத்தில் எழுதுங்கள். பட்டியலில் தாமாரும் இருக்கட்டும். அண்ணன் வீட்டில் அவள் பாழாய்க் கிடந்ததோடு கதை அவளை விட்டுவிடுகிறது, நாம் விடக்கூடாது.

இப்போது 15-ஆம் அதிகாரம். வழக்கோடு வருகிறவர்களை அப்சலோம் வாசலில் மறித்து, "உன் நியாயத்தைக் கேட்க ராஜாவிடத்தில் ஆளில்லை" என்கிறான். தந்தைக்கு எதிராக அப்சலோம் செய்த கலகம் பிறந்த இடம் எதுவென்று இந்த வாக்கியத்தில் தெரிகிறது.

"இதெல்லாம் தீர்க்கதரிசி நாத்தான் 12-ஆம் அதிகாரத்தில் தாவீதுக்கு முன்னறிவித்த தண்டனைதானே" என்று தோன்றலாம். உண்மைதான், ஆனால் அந்தத் தண்டனை வீட்டு மனிதர்களின் முடிவுகள் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

இரண்டு இடத்தில் வழுக்கும். எழுதியிருப்பதெல்லாம் கடவுள் ஒப்புக்கொண்டது என்று எண்ணாதீர்கள். துன்பப்படுகிற எவரையும் பார்த்து "ஏதோ பாவம் செய்திருப்பார்" என்று பின்னோக்கிக் கணக்குப் போடவும் வேண்டாம். நீதிமானான யோபு துன்பப்பட்டபோது அவருடைய நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள், யோபு 42:7-இல் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார்.

அடுத்து ஆதியாகமம் 37 முதல் 45 வரை இதேபோல் வாசியுங்கள். 37-இலும் 44-இலும் யோசேப்பின் அண்ணன் யூதா பேசுவதை மட்டும் தனியே எழுதி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.